படகில் மூன்று வரைபடம்: எது சொல்வதைக் கேட்பது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அண்ணா, வணக்கமுங்க. பவானிசாகர் அணையில் நானும் என் மச்சானும் பைபர் படகு வைத்து மீன் பிடிக்கிறோம். போன வருஷம் ஜிபிஎஸ் உள்ள கார்மின் ஸ்ட்ரைக்கர் எக்கோ சவுண்டர் ஒன்று வாங்கினோம். என் போனில் கூகுள் மேப், மச்சான் போனில் நேவியானிக்ஸ் செயலி. மூன்றும் மூன்று விதமாகச் சொல்கின்றன. ஒரே பாறை இதில் ஓரிடம், அதில் 30 மீட்டர் தள்ளி. ஆழமும் ஒத்துப்போவதில்லை. எதை நம்புவதுங்க?
— ஒரு வாசகர், பவானிசாகர்

பதில்: மூன்றும் காட்டுவது ஒரே விஷயத்தை இல்லைங்க, அதனால்தான் ஒத்துப்போவதில்லை. எக்கோ சவுண்டர் இந்த நொடியில் உங்கள் படகுக்கு அடியில் எத்தனை அடி தண்ணீர் என்று சொல்கிறது, படகு போகாத இடத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. கூகுள் மேப்பில் தெரிவது என்றைக்கோ ஒரு நாள் எடுத்த செயற்கைக்கோள் படத்தின் கரை, அன்றைக்கு அணையில் எவ்வளவு தண்ணீர் இருந்ததோ அந்தக் கரை. நேவியானிக்ஸ் மாதிரி செயலிகளில் வருவது வேறு யாரோ அளந்து சேர்த்தது. கடலுக்கும் வெளிநாட்டு ஏரிகளுக்கும் அது விரிவாக இருக்கும். நம் அணைக்குள் அது ஆழக்கோடு காட்டினால், யார் அளந்தது, அன்றைக்கு நீர்மட்டம் என்ன என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பதில் கிடைக்காவிட்டால் அந்தக் கோட்டை நம்பி வலை விடாதீர்கள்.

அணையில் படகு ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு கருவி இருக்கிறது. அது தினமும் பேப்பரில் வருகிறது, டீக்கடையில் ஓசியில் படித்துவிடலாம். அணையின் நீர்மட்டம்தான் அது. பவானிசாகருக்கு 105 அடி என்றால் அணை நிறைந்தது என்ற கணக்கில் போடுகிறார்களே, அந்த எண்ணைச் சேர்க்காமல் குறிக்கும் எந்த ஆழமும் ஒரு வாரத்துக்குத்தான் உதவும். நீர்மட்டம் 95 அடி இருக்கும்போது ஒரு பாறைக்கு மேல் 6 அடி தண்ணீர் என்று குறித்து வைத்திருப்பீர்கள். பாசனத்துக்குத் திறந்துவிட்டு 90 அடிக்கு இறங்கினால் அதே பாறைக்கு மேல் 1 அடிதான் இருக்கும். என்ஜின் விசிறி அதற்கும் கீழே சுற்றுகிறது. கருவி பொய் சொல்லவில்லை, நாம் பாதியைத்தான் எழுதி வைத்திருக்கிறோம்.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. மேட்டூர் நீர்த்தேக்கத்தில் என் மாமாவோடு போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒரு பனங்கட்டையைக் கண்டுபிடித்து, 'கட்டை 20 அடி' என்று பெயர் போட்டு ஜிபிஎஸ்ஸில் பாயிண்ட் (இடக்குறி) வைத்தேன். எங்கள் தங்கூசி வலை தண்ணீருக்குள் 12 அடி தொங்கும். 20 அடிக்குக் கீழே இருக்கிற கட்டை என்ன செய்துவிடும் என்று அதற்கு மேலாகவே வலை விட்டுப் பழகியிருந்தோம். நாலு மாதம் கழித்துப் போனபோது தண்ணீர் பத்தடிக்கு மேல் இறங்கியிருந்தது, நான் பெயரை மட்டும் பார்த்தேன். வலை பாதிதான் கைக்கு வந்தது. மாமா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, ராத்திரி முழுக்க உட்கார்ந்து கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

அதற்கப்புறம் நான் ஆழத்தை எழுதுவதை விட்டுவிட்டேன். நீர்மட்டத்தில் இருந்து ஆழத்தைக் கழித்து வருகிற எண்ணை எழுதுகிறேன். 95-இல் 6 போனால் 89, அந்தப் பாறையின் பெயர் 'பாறை 89'. இனி எந்த நாள் போனாலும் அன்றைய நீர்மட்டத்தில் 89-ஐக் கழித்தால் பாறைக்கு மேல் எவ்வளவு தண்ணீர் என்று தெரிந்துவிடும். உங்கள் மச்சானும் இதே மாதிரி எழுத வேண்டும், அதுதான் முக்கியம். ஒருவர் ஆழமும் இன்னொருவர் கழித்த எண்ணும் எழுதினால் பழைய குழப்பத்தைவிட மோசமாகிவிடும்.

உங்கள் ஸ்ட்ரைக்கரில் குயிக்டிரா வசதி இருக்கிறதா என்று மெனுவில் பாருங்கள், சில மாடல்களில்தான் உண்டு. இருந்தால் படகு ஓடும் பாதையெல்லாம் ஒரு அடி இடைவெளியில் ஆழக்கோடு தானாக வரைந்துகொண்டே வரும். ஆனால் நேற்று 95 அடியிலும் அடுத்த மாதம் 88 அடியிலும் பதிந்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வரைபடமே கெட்டுப்போகும். அதற்குத்தான் அதில் 'ரெக்கார்டிங் ஆஃப்செட்' என்று ஒன்று கொடுத்திருக்கிறார்கள். முதல் தடவை பதிந்ததைவிட நீர்மட்டம் ஏறியிருந்தால், ஏறிய அளவைக் கழித்தல் குறியோடு போட வேண்டும். இறங்கியிருந்தால் இறங்கிய அளவைக் கூட்டல் குறியோடு. கரையை விட்டுக் கிளம்பும் முன்பே இதைச் செய்துவிடுங்கள், நடுத் தண்ணீரில் ஞாபகம் வராது.

சரி, 30 மீட்டர் வித்தியாசத்துக்கு வருவோம். திறந்த வானத்தில் நல்ல போன் ஒன்றே சுமார் 5 மீட்டர் முன்னே பின்னே காட்டும். இரண்டு கருவி எதிரெதிர்ப் பக்கம் பிசகினால் அதுவே 10 மீட்டர். படகு மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பாறை திரையில் தெரிந்து, நீங்கள் பார்த்து, பொத்தானை அழுத்த 3 நொடி ஆனால் இன்னும் 8 மீட்டர் போய்விடும். அப்புறம் எக்கோ சவுண்டரின் ஒலி நூல் பிடித்த மாதிரி நேராக இறங்குவதில்லை, கூம்பு மாதிரி விரிந்து இறங்குகிறது. 20 டிகிரி கூம்பு என்றால் 15 மீட்டர் ஆழத்தில் சுமார் 5 மீட்டர் வட்டத்தைப் பார்க்கிறது, 60 டிகிரி என்றால் 17 மீட்டர் வட்டம். அந்த வட்டத்தில் எங்கே பாறை இருந்தாலும் படகுக்கு நேர் கீழே இருப்பது போலத்தான் திரையில் வரும். சரிவான இடத்தில் அகலக் கூம்பு ஆழத்தைக் குறைத்தே காட்டுவதும் இதனால்தான். இதையெல்லாம் கூட்டினால் உங்கள் 30 மீட்டர் வந்துவிடுகிறது, எந்தக் கருவியும் பழுதில்லை.

ஒரு நாள் வேலையை ஒதுக்கி இதைச் சோதித்துப் பாருங்கள். படகைப் படித்துறையில் கட்டிவிட்டு, மூன்று கருவியையும் பத்து நிமிஷம் சும்மா விட்டு, மூன்றும் சொல்லும் இடத்தை எழுதுங்கள். கயிற்றில் ஒரு கல்லைக் கட்டி இறக்கி ஆழத்தை அளந்து எக்கோ சவுண்டரோடு ஒப்பிடுங்கள். அது அரை அடி குறைத்துக் காட்டினால், உணரி தண்ணீருக்குள் அரை அடி கீழே இருக்கிறது என்று அர்த்தம், செட்டிங்கில் அதைச் சேர்த்துவிடலாம். பாயிண்ட் வைக்கும்போது என்ஜினை அணைத்து, படகு நின்ற பிறகு வையுங்கள். எல்லாப் பாயிண்டும் எக்கோ சவுண்டர் ஒன்றில்தான் இருக்க வேண்டும், அதுவே தலைமை. போனில் கரை பார்ப்பதும் திரும்பி வரும் வழி பார்ப்பதும் போதும். மூன்றிலும் தனித்தனியாகக் குறி வைத்தால் ஒரு வருஷத்தில் ஒரே பாறைக்கு ஆறு பெயர் இருக்கும்.

கேள்வி: ஐயா, மேட்டூர் அணைக்கு ஆழம் காட்டும் வரைபடம் எங்கே கிடைக்கும்? கூகுளில் பார்த்தால் வெறும் நீலமாக இருக்கிறது. அப்பாரு காலத்துச் சர்வே வரைபடம் ஒன்று வீட்டில் இருக்கிறது, அதைப் போனில் ஏற்ற முடியுமா?
— ஒரு வாசகர், கொளத்தூர்

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு உட்கார முடியவில்லை, ஏனென்றால் நான் ரொம்ப நாளாக எழுத நினைத்த விஷயம் இது. வரைபடத்தைத் தேடி அலைய வேண்டாம், நீங்களே வரையலாம். வறட்சிதான் உங்களுக்கு அதை வரைந்து கொடுத்திருக்கிறது.

மேட்டூரில் தண்ணீர் இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கிறிஸ்தவக் கோயிலின் கோபுரம் வெளியே வரும், அப்புறம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தலை காட்டும். 1934-இல் அணை கட்டி முடித்தபோது முழுகிய ஊர்களின் மிச்சம் அது. நந்தி தெரிகிறது என்றால் நீர்மட்டம் இத்தனை அடிக்குக் கீழே போய்விட்டது என்று ஊரில் பெரியவர்கள் கணக்குச் சொல்வார்கள் இல்லையா, செயற்கைக்கோள் படத்திலும் அதே கணக்கைத்தான் போடப்போகிறோம்.

கம்ப்யூட்டரில் கூகுள் எர்த் புரோ இலவசமாகக் கிடைக்கிறது. அதில் பழைய படங்களைத் தேதிவாரியாகத் தள்ளித் தள்ளிப் பார்க்கலாம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களும் இலவசம், 2015-க்குப் பிறகு உள்ளவை, ஐந்து நாளைக்கு ஒரு முறை என்ற கணக்கில் வருகின்றன, படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டர். 2017 கோடை ஞாபகம் இருக்கிறதா, அணை கிட்டத்தட்ட மைதானமாகக் கிடந்ததே, அந்தக் கோடைப் படங்களை முதலில் எடுங்கள். காவிரியின் பழைய ஓட்டம், பழைய ரோடு, பாறைத்திட்டு எல்லாம் வெயிலில் காய்ந்து கிடப்பது தெரியும்.

இப்போது ஒரு படத்தின் தேதியை எழுதிக்கொண்டு, அன்றைய நீர்மட்டத்தைப் பழைய பேப்பரில் தேடுங்கள். 60 அடி என்று வைத்துக்கொள்வோம். அந்தப் படத்தில் தண்ணீரின் ஓரத்தை அப்படியே கோடாக வரைந்தால் அது 60 அடிக் கோடு. தண்ணீரின் மட்டம் எங்கும் ஒன்றுதான், அதனால் கோடு முழுக்க ஒரே உயரம். இன்றைக்கு அணையில் 100 அடி இருந்தால் அந்தக் கோட்டின் மேல் 40 அடி தண்ணீர், கோட்டுக்கு உள்ளே அதைவிட அதிகம், வெளியே குறைவு. இப்படி 70, 80, 90 அடி இருந்த நாட்களின் படங்களை எடுத்து வரைந்துகொண்டே போனால், ஒரு பைசா செலவில்லாமல் உங்கள் பக்கத்து அணைக்கு ஆழ வரைபடம் கையில் இருக்கும். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே இருப்பதை எக்கோ சவுண்டர் பார்த்துக்கொள்ளும்.

ஒரு இடத்தில் மட்டும் தவறு வரும். பேப்பரில் மேட்டூர் நீர்மட்டம் 120 அடிக் கணக்கில் வருகிறது. மத்திய நீர்வள ஆணையம் வாரம் ஒரு முறை வெளியிடும் அறிக்கையில் அதே மட்டம் கடல் மட்டத்திலிருந்து மீட்டர் கணக்கில் இருக்கும். அங்கே 240.79 மீட்டர் என்றால் இங்கே 120 அடி, அதாவது கடல் மட்டத்திலிருந்து 790 அடி. இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு கடைசி வரை அதிலேயே இருங்கள்.

அப்பாரு வைத்திருந்த சர்வே வரைபடத்தைப் பத்திரமாக வைத்திருங்கள், ஆனால் படகுக்கு வேண்டாம். பழைய இந்திய சர்வே தாள்கள் எவரெஸ்ட் என்ற பழைய அளவுமுறையில் வரைந்தவை. ஜிபிஎஸ் வேலை செய்வது டபிள்யூஜிஎஸ் 84 என்ற முறையில். மாற்றாமல் அப்படியே போனில் ஏற்றினால் நம் பகுதியில் நூறு மீட்டருக்கும் மேல் தள்ளிக் காட்டும். அது போக, அணை கட்டி 90 வருஷத்துக்கு மேல் ஆகிறது, வண்டல் எத்தனை பள்ளத்தைத் தூர்த்திருக்கும்! தண்ணீர் வடிந்த நிலத்தில் பயிர் வைப்பவர்கள் வரப்பு போடுவதும் வாய்க்கால் வெட்டுவதும் நடக்கிறது. அதனால் கரையோரத்துக்குக் கிடைப்பதில் புதிய படமாகப் பார்த்து எடுங்கள்.

கேள்வி: மாயாற்றுப் பக்கம் போனால் டவர் கிடைப்பதில்லை. டவர் இல்லாவிட்டால் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்கிறார்கள், உண்மையா?
— ஒரு வாசகி, சத்தியமங்கலம்

பதில்: இல்லைங்க. ஜிபிஎஸ் செயற்கைக்கோளில் இருந்து நேராக வருகிறது, டவர் வேண்டியதில்லை. முதல் தடவை இடம் பிடிக்கத்தான் கொஞ்சம் நேரம் எடுக்கும். டவர் இல்லாமல் நின்றுபோவது வரைபடத்தின் படம் மட்டும், அதை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளலாம், கூகுள் மேப்பிலும் முடியும், ஓஸ்ம்அண்ட் செயலியிலும் முடியும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பக்கக் கரை புலிகள் காப்பகத்தின் காடு, யானை தண்ணீருக்கு இறங்கும் இடம். போனில் வெறும் பச்சையாகத் தெரிகிறதே என்று கரையில் இறங்கிவிடாதீர்கள். வனத்துறை சொல்லும் எல்லையைக் குறித்துக்கொண்டு அதற்கு இப்பாலேயே இருங்கள்.

கேள்வி: எங்களுக்குத் திருப்பூரில் பனியன் தொழில். என் தங்கை வீட்டுக்காரர் நாகப்பட்டினம், அவர் படகில் நான் ஒரு பங்கு போட்டிருக்கிறேன். படகில் இருக்கும் இடத்தை வரைபடத்தில் காட்டும் ஜிபிஎஸ் பிளாட்டர், எக்கோ, போனில் இரண்டு செயலி என்று எல்லாம் இருக்கிறது. நல்ல மீன் கிடைத்த இடத்தை மாப்பிள்ளை எனக்கு வாட்ஸ்அப்பில் எண்ணாக அனுப்புவார், நான் போனில் போட்டுப் பார்த்தால் வேறு எங்கேயோ காட்டுகிறது. போன மாதம் இன்னொரு படகுக்காரருக்கு அனுப்பி அவரும் தப்பான இடத்துக்குப் போய்விட்டார். என்ன கோளாறு?
— ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: எண்ணில் கோளாறில்லை, எழுதும் முறையில்தான். மாப்பிள்ளை '10.45.50' என்று அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை மூன்று விதமாகப் படிக்கலாம். 10 டிகிரி, 45.50 நிமிடம் என்பது ஒன்று, நிறையப் பிளாட்டர்கள் இப்படித்தான் காட்டும். 10 டிகிரி, 45 நிமிடம், 50 விநாடி என்பது இன்னொன்று. இந்த இரண்டுக்கும் நடுவே 600 மீட்டர் வித்தியாசம், ஏனென்றால் அரை நிமிடம் என்பது 30 விநாடி, 50 இல்லை. மூன்றாவதாக 10.4550 டிகிரி என்று போனில் தட்டினால் கிட்டத்தட்ட 33 கிலோமீட்டர் தெற்கே போய்விடும், நாகப்பட்டினத்தை விட்டு வேதாரண்யம் பக்கம். டீசல் விற்கிற விலையில் 33 கிலோமீட்டர் என்றால் என்ன என்று பங்குதாரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

பிளாட்டர், செயலி எல்லாவற்றிலும் செட்டிங்கில் போய் ஒரே முறையை வையுங்கள், டிகிரியும் தசம நிமிடமும் படகுக்கு வசதி. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது '10 டிகிரி 45.50 நிமிடம் வடக்கு' என்று வார்த்தையோடு எழுதச் சொல்லுங்கள், குரலில் சொல்லி அனுப்பினாலும் சரி. நிறையப் பாயிண்டுகளை மாற்ற வேண்டுமானால் கையால் தட்டாமல், எல்லாப் பாயிண்டையும் ஒன்றாக அடக்கிய ஜிபிஎக்ஸ் கோப்பாக எடுக்க முடியுமா என்று பாருங்கள்.

தூரத்திலும் இதே தொல்லை உண்டு. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் கடலின் வெப்பத்தையும் பச்சையத்தையும் செயற்கைக்கோளில் பார்த்து, மீன் கூடும் வாய்ப்புள்ள இடங்களைச் சொல்கிறது. அதில் தூரம் கிலோமீட்டர், ஆழம் மீட்டர். பிளாட்டரில் தூரம் பெரும்பாலும் கடல் மைல், அது 1.852 கிலோமீட்டர். மாப்பிள்ளை ஆழத்தைப் பாகத்தில் சொல்வார், அது 6 அடி. 30 கிலோமீட்டரை 30 கடல் மைல் என்று நினைத்து ஓடினால் 55 கிலோமீட்டர் போயிருப்பார்கள்.

கடைசியாக, இதைத் தங்கையிடமும் சொல்லிவையுங்கள். இலங்கையோடு 1974, 1976 ஒப்பந்தங்களில் வகுத்த எல்லைக்கோடு அந்தக் கடலில் இருக்கிறது. கூகுள் மேப்பைப் பார்த்து 'இன்னும் தூரம் இருக்கிறது' என்று ஒருபோதும் முடிவெடுக்கக் கூடாது. எல்லையை நெருங்கினால் ஒலி எழுப்பும் வசதி எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொண்டுவந்த ஃபிஷர் ஃபிரண்ட் செயலியில் உண்டு, பிளாட்டரிலும் அலாரம் வைக்கலாம். இரண்டிலும் வையுங்கள். எது முதலில் கத்துகிறதோ அப்போதே படகைத் திருப்ப வேண்டும், இரண்டாவது என்ன சொல்கிறது என்று காத்திருக்கக் கூடாது. அணையில் கருவிகள் முரண்பட்டால் வலைதான் போகும், அங்கே ஆளே போய்ச் சிறையில் உட்கார வேண்டிவரும்.

கேள்வி: அமராவதி அணையில் பரிசலில் போகிறேன் அண்ணா. போனில் அம்புக்குறி சுற்றிக்கொண்டே இருக்கிறது, தலை சுற்றுகிறது. பரிசலுக்கு இதெல்லாம் சரிவராதா?
— ஒரு தம்பி, உடுமலை

பதில்: பரிசல் சுற்றுவது அதன் இயல்பு தம்பி, போனும் அதோடு சேர்ந்து சுற்றுகிறது. வரைபடத்தில் வடக்கு எப்போதும் மேலே இருக்கும்படி மாற்றிவிடு, அம்பைப் பார்க்காதே, நீ வந்த பாதையின் கோட்டை மட்டும் பார். மெதுவாகப் போகும்போது எந்தப் பக்கம் போகிறோம் என்று ஜிபிஎஸ்ஸுக்குச் சரியாகப் பிடிபடாது, போனின் திசைகாட்டியும் பக்கத்தில் காந்தமோ ஸ்பீக்கரோ இருந்தால் ஏமாந்துபோகும்.

ஆழம் வேண்டுமானால் கயிற்றில் கட்டி மிதக்கவிடும் பந்து மாதிரிச் சோனார் இருக்கிறது, வைஃபையில் போனுக்கு ஆழத்தை அனுப்பும், பரிசலுக்கு அது போதும். போனைத் தண்ணீர் புகாத பையில் போட்டு உன் மேலேயே கட்டிக்கொள், பரிசலில் கட்டாதே. லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இறங்காதே.

போகிற இடத்துக்கெல்லாம் கரையில் இரண்டு அடையாளம் பிடித்து வை, ஒன்று கிட்டத்தில் ஒரு மரம், ஒன்று தூரத்தில் ஒரு மலை முகடு. இரண்டும் ஒரே வரிசையில் வந்தால் நீ ஒரு கோட்டின் மேல் இருக்கிறாய், இன்னொரு பக்கம் இதே மாதிரி ஒரு ஜோடி பார்த்தால் இடம் கிடைத்துவிட்டது. சார்ஜ் தீர்ந்த அன்றைக்கு இதுதான் கரை சேர்க்கும். ஆடிக் காற்று எழும்பும் மாதங்களில் பிற்பகலுக்கு முன்பே கரைக்கு வந்துவிடு, அம்மாவிடம் எந்தப் பக்கம் போகிறாய் என்று சொல்லிவிட்டுப் போ.